பெயின்ஸ்விக் தேவாலய வளாகத்துக் கல்லறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் குளோஸ்டர் நகருக்குத் தெற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், கோட்ஸ்வோல்ட் மலைச்சரிவில் பெயின்ஸ்விக் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே புனித மரியாள் தேவாலயத்தைச் சுற்றி, உருண்டையாகக் கத்தரித்த, யூ என்னும் பசுமை மாறாத மரங்களும் அவற்றின் நடுவே பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்லறைகளும் நிற்கின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் மரங்களைப் படம் பிடித்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள். கல்லறைகளுக்கு அரை நாளாவது கொடுக்க வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சொன்னபோது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

கல்வேலை இருக்கிறது. நல்ல சிற்பம் என்றால் அரண்மனையிலும் பேராலயத்திலும்தான் தேட வேண்டும் என்ற எண்ணம் இங்கே வந்தால் மாறிவிடும். பிரபுக்கள் தேவாலயத்துக்குள்ளே, கூரையின் கீழே, பளிங்கில் நினைவுச்சின்னம் வைத்துக்கொண்டார்கள். சாதாரண மக்களை வெளியே மண்ணில் புதைத்தார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு மரப்பலகைகூட நிலைக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் கையில் காசு புரளத் தொடங்கிய துணி வணிகர்களும் ஆலைக்காரர்களும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள்: வெட்டவெளியில், உள்ளூர்க் கல்லில், உள்ளூர்க் கல்தச்சரைக் கொண்டு, உள்ளே இருப்பதற்கு ஈடான வேலைப்பாட்டோடு கல்லறை எழுப்பினார்கள். இங்கிலாந்தில் பல ஊர்களில் இப்படி ஒன்றிரண்டு உண்டு. பெயின்ஸ்விக்கில் அவை கூட்டமாக நிற்கின்றன. ஒரே பட்டறையின் கை ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு எப்படித் தேர்ந்தது என்பதை நான்கடி நடந்து பார்த்துவிடலாம்.

அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

கம்பளித் துணியிலிருந்து. ஊருக்குக் கீழே ஓடும் ஓடையை நம்பித் துணி ஆலைகள் வரிசையாக இருந்தன. பக்கத்து ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்குகளின் செந்நிறத் துணி ராணுவச் சீருடைக்குப் பேர்போனது. கல்லறை எழுத்துகளில் ‘குளோத்தியர்’ என்ற சொல் கண்ணில் பட்டால், நெசவும் சாயமும் விற்பனையுமாக ஒரு தொழிலையே நடத்திய முதலாளி என்று கொள்ளுங்கள். கடையில் துணி விற்றவர் என்று எண்ண வேண்டாம்.

யார் செதுக்கினார்கள்? பெயர் தெரியுமா?

தெரியும், எனக்கு இந்த இடம் நெருக்கமானதற்குக் காரணமே அதுதான். பழைய சிற்பிகளில் பெரும்பாலோர் பெயரில்லாமல் போய்விட்டார்கள். இங்கே பிரையன் குடும்பம் இருக்கிறது. ஜோசப் பிரையன், அவருடைய மகன்கள் ஜான், இளைய ஜோசப் என்று தலைமுறையாகத் தொழில் செய்தவர்கள். இந்த வளாகத்தின் சிறந்த வேலைகளில் பல அவர்களுடைய பட்டறையைச் சேர்ந்தவை.

ஜான் பிரையன் 1787-இல் இறந்தார். அவருடைய கல்லறையும் இங்கேயே இருக்கிறது. வாழ்நாளெல்லாம் ஊராருக்குச் சுருளும் இலையும் பூத்தோரணமும் செதுக்கிக் கொடுத்தவரின் கல்லறை ஒரு பிரமிடு. சாய்ந்த நான்கு பக்கங்கள், கூரான உச்சி, அவ்வளவுதான். சுற்றியுள்ள அலங்காரங்களையெல்லாம் பார்த்துவிட்டு அதன் முன்னே வந்து நிற்கும்போது எனக்குப் பேச்சு வராது. முதல்முறை போகிறவர்கள் அதைக் கடைசியாகப் பார்க்கும்படி நடையை அமைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி போன்ற கல்லறைக்குள்தான் உடல் இருக்கிறதா?

இல்லை. இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. இடுப்பளவு உயரமுள்ள அந்தக் கற்பெட்டி வெறும் கூடு. நான்கு பக்கமும் பலகைக்கல், மேலே கனமான மூடுகல், உள்ளே செங்கல்லோ கல்லோ கொண்டு கட்டிய முட்டு; மற்றபடி வெற்றிடம். உடல் கீழே மண்ணிலோ, செங்கல் கட்டிய நிலவறையிலோ இருக்கும். பக்கப் பலகை பெயர்ந்து உள்ளே இருட்டாகத் தெரிந்தால் எலும்பு தெரியுமோ என்று குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள். சிலந்தி வலைதான் தெரியும்.

‘தேயிலைப் பெட்டி’ என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

படுத்த பெட்டிகளுக்கு நடுவே, ஒரு பீடத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் கல்லறைகளைப் பார்ப்பீர்கள். சில வட்டமாக இருக்கும், சில பட்டை பட்டையாக இருக்கும். தலையில் ஒரு மூடி போன்ற அமைப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் தேயிலை விலையேறிய பொருள். அதை வேலைப்பாடுள்ள சிறு பெட்டியில் போட்டுப் பூட்டி வைப்பார்கள். அந்தப் பெட்டியின் சாயல் இருப்பதால் ஊரார் இப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். இடம் குறைவாக அடைக்கும் என்பது இந்த வடிவத்தின் வசதி. பல பக்கங்கள் இருப்பதால் குடும்பத்தில் அடுத்தடுத்து இறந்தவர்களின் பெயரைப் பக்கத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

செதுக்கியிருக்கும் உருவங்களுக்கு என்ன பொருள்?

ஒரு பெட்டிக் கல்லறையின் மேற்கு முகப்பில் குனிந்து பார்ப்போம். இரண்டு ஓரங்களிலும் யாழின் கைகளைப் போல வெளியே வளைந்து இறங்கும் பருத்த சுருள்கள். கோட்ஸ்வோல்ட் கல்லறைகளின் அடையாளம் இது. அவற்றின் வளைவில் முள்ளிலை போன்ற அகன்ற இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். நடுவில் ஒரு குழந்தை முகம். கழுத்துக்குக் கீழே உடல் கிடையாது, இரண்டு சிறகுகள் மட்டும். அது தேவதூதர், அல்லது உடலை விட்டு மேலே போகும் ஆன்மா. மழை பட்டுப் பட்டு மூக்கு மழுங்கியிருக்கும். புடைத்த இமைகளின் கீழே மழை நுழையாத பள்ளத்தில் மட்டும் உளியின் வரிகள் நேற்று இழுத்தவை போல இருக்கும். ஒரே முகத்தில் மூக்குக்கும் இமைக்கும் நடுவே இருநூற்றைம்பது ஆண்டு வேறுபாடு தெரியும்.

பழைய கற்களில் மண்டையோடும் குறுக்கெலும்பும் மணற்கடிகாரமும் அதிகம். பார்க்கிறவருக்கும் சாவு உண்டு என்று நேராகச் சொல்லும் சின்னங்கள் அவை. பதினெட்டாம் நூற்றாண்டு நகர நகர மண்டையோடு குறைந்து குழந்தை முகங்கள் பெருகும். நூற்றாண்டின் கடைசியில் துணி போர்த்திய கலசம் வந்துவிடும். ஆண்டு அழிந்துபோன கல்லின் வயதைக்கூட இந்த வரிசையைக் கொண்டு ஓரளவு சொல்லலாம்.

எழுத்து தெரியவே இல்லை. எப்படி வாசிப்பது?

நேரம் பார்த்துப் போக வேண்டும். தேய்ந்த எழுத்தை நேராக விழும் வெளிச்சம் காட்டிக்கொடுக்காது. பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் வெளிச்சத்தில்தான் பள்ளம் நிழலாகும், நிழல் எழுத்தாகும். கிறிஸ்தவ வழக்கப்படி தலை மேற்கேயும் கால் கிழக்கேயும் வைத்துப் புதைப்பார்கள். ஆகவே பெட்டியின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும், குறுகிய முகப்புகள் கிழக்கும் மேற்கும் பார்க்கும். தெற்குப் பக்க எழுத்தை வாசிக்கக் காலையோ மாலையோ நல்லது. கிழக்கு, மேற்கு முகப்புச் சிற்பங்களுக்கு உச்சிவேளை நல்லது. வடக்குப் பக்கத்தில் வெயில் படுவதே அரிது. அதற்கு ஒரு டார்ச் விளக்கைக் கல்லை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் போதும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் விழுவதால், அந்த நாட்களின் சாயங்காலத்தில் தெற்குப் பக்கங்கள் முழுக்க எழுந்து நிற்கும். ஒரு மணி நேரம் முன்பு வழவழப்பாகத் தெரிந்த பலகையில் மனைவி, நான்கு பிள்ளைகள், வயது, தொழில் என்று ஒரு குடும்பமே வெளிப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சில கற்களில் எழுத்தைக் கல்லில் வெட்டாமல் பித்தளை அல்லது செப்புத் தகட்டில் பொறித்துப் பதித்திருப்பார்கள். தகடு இருக்கும் இடத்தில் எழுத்து கூர்மையாக இருக்கும். தகடு போய்விட்ட இடத்தில் வெறும் பள்ளமும் ஆணித்துளைகளும் மிச்சம்.

எழுத்து தெரிந்தும் புரியவில்லையே?

அந்தக் காலத்து வழக்கங்கள் சில உண்டு. ‘எஃப்’ போலத் தெரிவது பல இடங்களில் நீள ‘எஸ்’. ‘யே’ என்று தெரிவதை ‘தி’ என்றே வாசிக்க வேண்டும். பழைய எழுத்து ஒன்றின் இடத்தில் ‘ஒய்’ எழுதிவந்ததால் வந்த குழப்பம் அது. ‘ரெலிக்ட்’ என்றால் கைம்பெண்.

ஆண்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1723/4 என்று இரட்டையாக எழுதியிருந்தால் கல்தச்சர் தவறு செய்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1752-க்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-ஆம் தேதி தொடங்கியது. பிப்ரவரியில் இறந்தவருக்குப் பழைய கணக்கில் 1723, இன்றைய கணக்கில் 1724. இரட்டையாக எழுதாமல் பழைய ஆண்டை மட்டும் போட்ட கற்களும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளைப் பார்த்தால் ஒரு கணம் நின்று யோசியுங்கள்.

பக்கத்து ஊர்களிலும் இப்படி இருக்கிறதா?

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பர்ஃபோர்டு என்ற ஊருக்கும் போய்வாருங்கள். அங்கே புனித யோவான் தேவாலய வளாகத்தில் பெட்டிக் கல்லறைகளின் மூடுகல் மேல், பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல ஒரு வரியோடிய உருளை படுத்திருக்கும். கம்பளிப் பொதி என்று சொல்வது வழக்கம்; ஊரை வாழவைத்த சரக்கு அது. கம்பளியில் சுற்றிய உடலைக் குறிக்கிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு. அதற்கு ஒரு சட்டப் பின்னணி இருக்கிறது. உள்நாட்டுக் கம்பளித் தொழிலைக் காப்பதற்காக, இறந்தவரைக் கம்பளித் துணியில்தான் புதைக்க வேண்டும் என்று 1666-இல் சட்டம் போட்டார்கள். 1678-இல் அதைக் கடுமையாக்கினார்கள். மீறினால் ஐந்து பவுண்டு அபராதம். அதில் பாதி காட்டிக்கொடுத்தவருக்கு, பாதி ஊர் ஏழைகளுக்கு. வசதியுள்ள சில குடும்பங்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு லினனிலேயே புதைத்தன. சட்டம் 1814-இல்தான் நீங்கியது.

அதே தேவாலயத்தின் உள்ளே ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு பெயர் கீறியிருக்கிறது. 1649 மே மாதம், நாடாளுமன்றப் படைத் தலைவர் கிராம்வெல்லுக்கு எதிராகக் கலகம் செய்த சுமார் 340 வீரர்களை அங்கே அடைத்து வைத்தார்கள். அவர்களில் அந்தோணி செட்லி என்பவர் ‘கைதி’ என்ற குறிப்போடு தன் பெயரையும் ஆண்டையும் தொட்டியின் ஈய உறையில் கீறிவிட்டார். வெளியே மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கூலி கொடுத்துச் செதுக்கிய எழுத்தையெல்லாம் பார்த்துவிட்டு இந்தக் கோணல் கீறலைப் பார்ப்பது ஓர் அனுபவம்.

கல் ஏன் இப்படிக் கரைகிறது?

இது சுண்ணாம்புக்கல். ஜுராசிக் காலத்து ஆழமற்ற கடலில், மீன்முட்டை அளவுள்ள சுண்ணாம்பு மணிகள் சேர்ந்து இறுகியது. பெயின்ஸ்விக் மலையிலேயே வெட்டியெடுத்தார்கள். தோண்டிய புதிதில் கல்லுக்குள் ஈரம் இருக்கும், உளிக்கு வெண்ணெய் போல இளகிக் கொடுக்கும். காய்ந்தபின் மேல்தோல் இறுகும். இத்தனை ஆழமான செதுக்கல் முடிந்ததற்கு அந்த இளக்கமே காரணம். மழைநீரின் மெல்லிய அமிலத்துக்கு அது இரையாவதும் சுண்ணாம்பாக இருப்பதால்தான். நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகம் கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றியது. மழை கழுவாத மறைவிடங்களில் அது கறுத்த பொருக்காகப் படிந்து, உரியும்போது சிற்பத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகும். குளிர்காலத்தில் விரிசலில் புகுந்த நீர் உறைந்து விரியும். இவற்றோடு, பலகைகளைப் பிணைத்த இரும்புக் கவ்விகள் துருப்பிடித்துப் பல மடங்கு பருத்து மூலைக்கல்லை உள்ளிருந்தே வெடிக்கச் செய்கின்றன. என்னைக் கேட்டால் மழையைவிட இந்த இரும்புதான் பெரிய எதிரி.

மஞ்சளும் சாம்பலுமாகப் படிந்திருப்பதைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது. அழுக்கு என்று தோன்றுவது லைக்கன். நம் பிரியாணியில் போடும் கற்பாசி இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். இயற்கைப் பாறை அதிகம் வெளித்தெரியாத இங்கிலாந்தின் தாழ்நிலங்களில், பல நூற்றாண்டு அசையாமல் கிடக்கும் கல்லறைக் கல்தான் அவற்றுக்கு வீடு. நூற்றுக்கணக்கான வகைகள் தேவாலய வளாகங்களில் பதிவாகியிருக்கின்றன. பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்வதே பெரிது. உள்ளங்கை அகலமுள்ள ஒரு வட்டம் ஜான் பிரையனின் பேரப்பிள்ளைகள் காலத்தில் தொடங்கியதாக இருக்கலாம். அதைச் சுரண்டும்போது கல்லின் தோலும் சேர்ந்து வரும்.

கம்பித் தூரிகை, பிளீச், வினிகர் எதுவும் கல்லின் பக்கமே போகக் கூடாது. எழுத்து தெரிய வேண்டும் என்று மாவும் ஷேவிங் கிரீமும் பூசும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கண்டால் தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள். காகிதம் வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதும் இந்த மென்கல்லுக்கு ஆகாது. டார்ச்சும் கேமராவும் போதும்.

உடைந்த கல்லறையைப் பழுதுபார்ப்பது யார் பொறுப்பு?

நினைவுச்சின்னம் அதை எழுப்பியவருக்குச் சொந்தம், அவருக்குப் பின் இறந்தவரின் வாரிசுக்கு. முந்நூறு ஆண்டு கழித்து வாரிசைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆகவே நடைமுறையில் தேவாலயப் பொறுப்பாளர்கள்தான் நிதி திரட்டுகிறார்கள். புதிய புதைப்புகளுக்கு மூடப்பட்ட வளாகமானால் பராமரிப்பு உள்ளாட்சி மன்றத்துக்குப் போயிருக்கலாம். யாராக இருந்தாலும் மறைமாவட்டத்தின் அனுமதி பெறாமல் கல்லைத் தொட முடியாது. பெயின்ஸ்விக்கில் பல கல்லறைகள் தேசியப் பாதுகாப்புப் பட்டியலிலும் இருக்கின்றன.

நல்ல பழுதுபார்ப்பு என்றால் இப்படி இருக்கும்: கற்களுக்கு எண் போட்டுப் பிரித்து, அடித்தளத்தைச் சமன்செய்து, இரும்பை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் திரும்பச் சேர்ப்பார்கள். சிமென்ட் பூசினால் கல் மூச்சுவிட முடியாமல் ஈரம் உள்ளேயே தங்கி, சாந்துக்குப் பதில் கல் உதிரும். முந்தைய தலைமுறை நல்லெண்ணத்தோடு பூசிய சிமென்டின் ஓரத்தில் கல் பொடிந்து கிடப்பதைப் பல ஊர்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

தொண்ணூற்றொன்பது யூ மரங்கள் என்பது உண்மையா?

நூறாவது மரத்தை நட்டால் சாத்தான் பட்டுப்போகச் செய்துவிடுவான் என்பது ஊர்க்கதை. இன்று எண்ணினால் தொண்ணூற்றொன்பதைத் தாண்டும். சில மரங்கள் வளைவாகப் பின்னிக்கொண்டுவிட்டதால் இரண்டு பேர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும். மரத்தை ஆண்டுதோறும் கத்தரிக்கிறார்கள். இலையும் விதையும் கடும் நஞ்சு. குழந்தைகள் சிவந்த பழத்தைப் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் ‘கிளிப்பிங்’ என்றொரு விழா செப்டம்பர் 19-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது. மரம் கத்தரிப்பது என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தப் பழஞ்சொல்லுக்குத் தழுவுதல் என்று பொருள். ஊர்க் குழந்தைகள் பூச்சூடி, கைகோத்துத் தேவாலயத்தைச் சுற்றி நின்று அதைத் தழுவுகிறார்கள். முன்பு சொன்ன சாயங்கால வெளிச்சமும் அதே வாரத்தில்தான். போவதானால் அப்போது போங்கள்.

தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு உண்டா?

பெயின்ஸ்விக்கோடு இல்லை. ஆனால் இதே வகைக் கல்லறை ஒன்று வேல்ஸில் ரெக்ஸம் ஊரின் புனித கைல்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து, 1721-இல் இறந்த எலைஹு யேலின் கல்லறை அது. அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, ஆப்பிரிக்காவில் பயணம் செய்து, ஆசியாவில் மணமுடித்தவர் என்று அதில் பொறித்த பாட்டு சொல்கிறது. அந்த மணம் நடந்தது 1680-இல், கோட்டைக்குள் அப்போதுதான் அர்ப்பணிக்கப்பட்டிருந்த புனித மரியாள் தேவாலயத்தில். அவருடைய சிறு மகன் டேவிட் சென்னையிலேயே இறந்தான். உயர் நீதிமன்றத்தை அடுத்த பழைய சட்டக்கல்லூரி வளாகத்தில் உள்ள கூர்நுனித் தூண் அவனுடைய நினைவிடம். ஒரு காலத்தில் அங்கே ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டமே இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளை மறைவிடமாகப் பயன்படுத்திக்கொண்டதால், பின்னர் அவற்றை இடித்து எழுத்துக்கற்களைக் கோட்டைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து பாவிவிட்டார்கள். இன்றும் அவற்றைக் காலடியில் வாசிக்கலாம்.

போகும்போது எதை நினைவில் வைக்க வேண்டும்?

ஸ்ட்ரௌடிலிருந்தும் செல்ட்னமிலிருந்தும் பஸ் உண்டு. வளாகத்துக்கு டிக்கெட் கிடையாது. மூடுகல்லின் மேல் உட்காராதீர்கள், பையை வைக்காதீர்கள், குழந்தைகளை ஏறவிடாதீர்கள். உள்ளே வெற்றிடம் என்பதால் ஒரு பலகை நழுவினாலும் மேலே இருக்கும் கல் காலில் விழும். குறிப்பேடு கொண்டுபோங்கள். நீங்கள் வாசித்த ஒரு கல்லறையின் எழுத்தை வரிக்கு வரி எழுதி, படத்தையும் சேர்த்து, நாளைக் குறித்துத் தேவாலயத்தாருக்கு அனுப்புங்கள். அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பலகையிலிருந்து ஒரு வரி உதிர்ந்து போனால், அதைப் படித்த கடைசி ஆள் நீங்களாக இருக்கலாம்.